பண்ணை வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: அளந்து அமைத்தால் நிலைத்துப் பயன் தரும்

தமிழ்நாட்டில் மின்கம்பி எட்டாத ஊர்கள் இன்று மிகச் சிலவே. ஆயினும் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் உழவர் குடும்பங்களுக்கு மின்சாரம் இன்னும் ஒரு கவலையாகவே இருந்து வருகிறது. சிலருக்குக் கம்பம் வெகு தொலைவில் உள்ளது. சிலருக்கு இணைப்பு இருந்தும் மாலையில் மின்னழுத்தம் குறைந்து விளக்கு மங்குகிறது. பலத்த காற்று அடித்தால் மின்தடை ஏற்படுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து, டெல்டா மாவட்டக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இரவில் களத்துக்குச் செல்லும்போது பாம்பை மிதிக்கும் அச்சம், தேர்வு நேரத்தில் பிள்ளைகள் படும் பாடு, நள்ளிரவில் மாடு கன்று ஈனும்போது கைவிளக்கைத் தேடி அலையும் சங்கடம் ஆகியவை தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு நன்கு தெரியும்.

இக்குறைகளைச் சூரிய மின்சாரம் பெரும்பாலும் நீக்கும். ஆனால் ஆர்வத்தோடு அமைத்த அமைப்பு மூன்று, நான்கு ஆண்டுகளில் நின்று போவதையும் பல இடங்களில் காண்கிறோம். கூரைமேல் பலகை பளபளப்பாக இருக்கும். உள்ளே விளக்கு எரியாது. வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியிருக்கும். இதற்குச் சூரியனும் காரணமன்று, பலகையும் பெரும்பாலும் காரணமன்று. வீட்டின் தேவையை அளக்காமல் வாங்கியதும், பேட்டரிக்கு உரிய கவனம் செலுத்தாததுமே காரணங்கள் ஆகும். பயிரின் நீர்த்தேவையையும் கிணற்றின் ஊற்றையும் பார்த்துத்தானே எத்தனை சென்ட்டுக்கு நடவு என்று முடிவு செய்கிறோம்? அதே கணக்கை மின்சாரத்துக்கும் போட வேண்டும். அக்கணக்கைப் போடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

மின்சாரம் உண்டாகும் விதம்

கடைகளில் சோலார் பேனல் எனப்படும் மின்பலகை, சிலிக்கான் என்னும் பொருளால் ஆன மெல்லிய வில்லைகளை வரிசையாகக் கோத்து, மேலே கண்ணாடி பதித்துச் செய்யப்படுவது. வில்லைமேல் ஒளி படும்போது அதில் மின்னோட்டம் உண்டாகிறது. இதில் சுழலும் உறுப்பு இல்லை; எரிபொருள் இல்லை; ஓசையும் இல்லை. பயன்படத்தக்க சிலிக்கான் வில்லை 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. அன்று விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே அது மின்சாரமாக மாற்றியது. இன்று கடையில் கிடைக்கும் பலகைகள் சுமார் 20 விழுக்காட்டை மாற்றுகின்றன.

பலகைக்கு வேண்டியது ஒளியே தவிர வெப்பம் அன்று. 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் வில்லையின் வெப்பம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது. கோடை நண்பகலில் வில்லை 60 டிகிரி வரை சூடேறும். அப்போது எட்டில் ஒரு பங்கு மின்சாரம் குறைந்துவிடும். ஆகவே பலகையின் அடியில் காற்றோட்டம் இருத்தல் அவசியம். தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்துவது தவறு.

இருவகை அமைப்புகள்

வீட்டுக்கான சூரிய மின் அமைப்பு இருவகைப்படும். எது தமக்கு ஏற்றது என்று தெரியாமல் பணம் போடுவோர் பலர்.

முதல் வகை, மின்வாரியக் கம்பியுடன் இணைந்த அமைப்பு. இதில் பேட்டரி இல்லை. பகலில் உண்டாகும் மின்சாரத்தை வீடு பயன்படுத்திக் கொள்ளும்; மிகுதி கம்பிக்குச் செல்லும்; இரவில் கம்பியிலிருந்து மின்சாரம் வரும். மின்கட்டணத்தைக் குறைப்பதே இதன் பயன். இங்கு ஒன்றை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். மின்தடை ஏற்பட்டால் இவ்வமைப்பும் உடனே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே இன்வர்ட்டர் அவ்வாறு தானாக நிற்கும்படி செய்யப்பட்டுள்ளது. "கூரைமேல் பலகை இருக்கும்போது கரண்டு போனால் என்ன?" என்று எண்ணி வாங்குபவர் ஏமாற்றம் அடைவார்.

இரண்டாம் வகை, பேட்டரியுடன் கூடிய தனி அமைப்பு. பகலில் உண்டாகும் மின்சாரம் பேட்டரியில் சேர்ந்து இரவில் பயன்படும். மின்கம்பி இல்லாத தோட்டத்து வீட்டுக்கும், அடிக்கடி மின்தடை ஏற்படும் இடத்துக்கும் ஏற்றது இதுவே. 2011-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய ஒளி மின்வசதியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள் வழங்கப்பட்டன. சூரிய விளக்கைப் பல ஊர்கள் அத்திட்டத்தின் வாயிலாகவே முதலில் கண்டன.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஹைப்ரிட் இன்வர்ட்டர்களும் உள்ளன. அவற்றின் விலை அதிகம். இக்கட்டுரை முக்கியமாகப் பேட்டரி அமைப்பைப் பற்றியது. கம்பியுடன் இணைந்த அமைப்பின் வரவு செலவைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதல் வேலை: தேவையைக் கணக்கிடுதல்

கடைக்குச் செல்லும் முன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் எந்தெந்தக் கருவி, எத்தனை வாட், எத்தனை எண்ணிக்கை, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்குங்கள். கிடைப்பது வாட்-மணி ஆகும். 1,000 வாட்-மணி சேர்ந்தது ஒரு யூனிட். ஐந்து பேர் உள்ள ஒரு தோட்டத்து வீட்டுக்கு மாதிரிக் கணக்கு வருமாறு:

எல்.இ.டி. பல்பு: 9 வாட் × 4 × 5 மணி = 180
சிக்கன மின்விசிறி: 30 வாட் × 2 × 10 மணி = 600
சிறிய எல்.இ.டி. தொலைக்காட்சி: 40 வாட் × 1 × 3 மணி = 120
கைப்பேசி சார்ஜர்: 10 வாட் × 2 × 2 மணி = 40
மாட்டுக் கொட்டகை இரவு விளக்கு: 5 வாட் × 1 × 12 மணி = 60
மொத்தம் = 1,000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்

இக்கணக்கில் மின்விசிறியின் வரியைப் பாருங்கள். மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் அதுவே. இங்குக் குறித்திருப்பது பி.எல்.டி.சி. எனப்படும் சிக்கன விசிறி. அதற்குப் பதிலாக 75 வாட் எடுக்கும் சாதாரண விசிறிகளை மாட்டினால் விசிறிக்கு மட்டும் 1,500 வாட்-மணி ஆகும். மொத்தம் 1,900 ஆகிவிடும். அதாவது பலகையும் பேட்டரியும் ஏறக்குறைய இரு மடங்காக வாங்க வேண்டும். சிக்கன விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையைப் பேட்டரியில் திரும்பப் பெறலாம். ஆகவே தேவையைக் குறைப்பதே முதல் முதலீடு.

துணி தேய்க்கும் பெட்டி, வெந்நீர் கருவி, மின்சார அடுப்பு ஆகியவற்றை இப்பட்டியலில் சேர்க்க வேண்டாம். இவற்றில் எதுவும் ஒரு மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டை அல்லது அதற்கு மேல் விழுங்கிவிடும்.

பலகையின் அளவு

நமது மாநிலத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 5 யூனிட் அளவு சூரிய ஆற்றல் விழுகிறது. இதனை நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயில் என்று கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகமூட்டத்தால் இது 4 மணி அல்லது அதற்கும் கீழே இறங்கும். எனவே சராசரியை வைத்து வாங்காமல், குறைவான மாதத்தை வைத்து வாங்குவது நல்லது.

பலகையிலிருந்து விளக்குக்கு வருவதற்குள் சூடு, தூசி, கம்பி, பேட்டரி என வழிநெடுகச் சேதாரம் உண்டு. வாய்க்காலில் நீர் கசிவது போன்றதே இது. நூறில் 65 பங்கு வந்து சேரும் என்று கொள்ளலாம். 1,000 வாட்-மணி வேண்டுமெனில் 1,000 ÷ 0.65 = சுமார் 1,540 வாட்-மணி உண்டாக வேண்டும். இதனை 4-ஆல் வகுக்க 385 கிடைக்கிறது. ஆகவே 400 வாட் பலகை ஒன்று, அல்லது 200 வாட் பலகைகள் இரண்டு போதுமானது. இதற்கு வேண்டிய இடம் சுமார் 2 சதுர மீட்டர் மட்டுமே.

பேட்டரி: அமைப்பின் உயிர்நாடி

பலகை 25 ஆண்டுகள் உழைக்கும். பேட்டரி அவ்வாறு உழைக்காது. சூரியன் இலவசம்; ஆனால் அதன் ஒளியை இரவுக்குச் சேமித்து வைப்பது இலவசமன்று.

ஈய-அமிலப் பேட்டரியில், கொள்ளளவில் பாதிக்கு மேல் அன்றாடம் இறைத்தால் ஆயுள் விரைவில் குறையும். ஊற்றுக்கு மீறி இறைத்த கிணறு தூர்ந்து போவது போல, பேட்டரியின் தகடுகளில் உப்புப் படிந்து கொள்ளளவு சுருங்கிவிடும். எனவே 1,000 வாட்-மணி எடுக்க 2,000 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். இதனை 12 வோல்ட்டால் வகுக்க 167 ஆம்பியர்-மணி வருகிறது. சந்தையில் கிடைக்கும் அளவுகளில் 200 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஏற்றது. நல்ல பராமரிப்பில் இது 4 அல்லது 5 ஆண்டுகள் உழைக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. இவற்றில் கொள்ளளவில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம். எனவே 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியே நமது மாதிரி வீட்டுக்குப் போதும். நீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆயுளும் அதிகம், விலையும் அதிகம். இதற்குரிய அளவில் அமைத்த கன்ட்ரோலரையே பயன்படுத்த வேண்டும்.

பழைய டிராக்டர் பேட்டரியைச் சூரிய மின்சாரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று உழவர்கள் கேட்பதுண்டு. கூடாது. டிராக்டர் பேட்டரி, இன்ஜினைக் கிளப்ப ஒரு சில நொடிகள் பெருமளவு மின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. இரவு முழுவதும் சிறிது சிறிதாக இறைத்தால் சில மாதங்களில் வீணாகிவிடும்.

சார்ஜ் கன்ட்ரோலர்: காவற்காரன்

பலகைக்கும் பேட்டரிக்கும் இடையே மாட்டப்படும் சிறு பெட்டி இது. பேட்டரி நிரம்பியதும் வரவை நிறுத்தும். பேட்டரி இறங்கியதும் செலவை நிறுத்தும். ஏரிக்கு மதகும் கலிங்கும் எப்படியோ அப்படிப் பேட்டரிக்கு இது. நமது மாதிரி அமைப்பில் 400 வாட்டை 12 வோல்ட்டால் வகுக்கச் சுமார் 33 ஆம்பியர் வரும். எனவே 40 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்க வேண்டும்.

இதில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என இருவகை உண்டு. இன்று மலிவாகக் கிடைக்கும் பெரிய பலகைகள் சுமார் 40 வோல்ட்டில் இயங்குபவை. அப்படிப்பட்ட பலகையை 12 வோல்ட் பேட்டரிக்கு விலை குறைந்த பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் மூலம் இணைத்தால் பாதிக்கு மேல் மின்சாரம் வீணாகும். பெரிய பலகைக்கு எம்.பி.பி.டி. வகையே பொருந்தும். 12 வோல்ட் பேட்டரிக்கென்றே செய்த சிறு பலகைகளுக்கு மற்றது போதும். விற்பனையாளரிடம் இதனைத் தெளிவாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

சில வீடுகளில் இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும் "கன்ட்ரோலர் கெட்டுவிட்டது" என்று எண்ணி, அதனைத் தவிர்த்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து விளக்கைப் போடுகின்றனர். பல அமைப்புகள் பாழாவது இவ்வாறுதான். கன்ட்ரோலர் நிறுத்துவது பெரும்பாலும் பழுதால் அன்று. வரவை விடச் செலவு மிகுந்துவிட்டது என்று அது அறிவிக்கிறது. அப்போது செய்ய வேண்டியவை மூன்று: பலகையில் தூசியோ நிழலோ உள்ளதா என்று பாருங்கள், கணக்கில் இல்லாத கருவி ஏதும் புதிதாகச் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள், பேட்டரியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் அணைந்தால் மட்டுமே மெக்கானிக்கை அழையுங்கள்.

இடம் தெரிவு செய்தல்

பலகை தெற்கு நோக்கி இருக்க வேண்டும். தமிழ்நாடு 8 முதல் 13.5 பாகை வட அட்சத்தில் அமைந்துள்ளதால் 10 முதல் 15 பாகைச் சாய்வு போதுமானது. 10 பாகைக்குக் குறைந்தால் மழை நீர் வழிந்தோடாமல் அழுக்கு தங்கிவிடும்.

வில்லைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழலும் மின்சாரத்தைப் பெருமளவு குறைக்கும். பயிருக்கு ஓரத்து மரத்தின் நிழல் செய்யும் கேட்டை விட இது மிகுதி. நிழலைப் பார்க்கும் காலமும் முக்கியம். கோவை, திருச்சிப் பகுதிகளில் வைகாசி மாத நண்பகலில் 10 மீட்டர் உயரத் தென்னையின் நிழல் சுமார் 2 மீட்டர் தொலைவுக்கே, அதுவும் தெற்குப் புறமாக விழும். அதே தென்னையின் நிழல் மார்கழி நண்பகலில் 7 மீட்டர் தொலைவுக்கு வடக்கே நீளும். காலை ஒன்பது மணி அளவில் 15 மீட்டர் வரை வடமேற்கே செல்லும். கோடையில் வெட்டவெளியாகத் தெரிந்த இடம் மார்கழியில் நிழலாகிவிடும். எனவே பலகைக்குத் தெற்கே, தென்கிழக்கே, தென்மேற்கே உள்ள மரங்களின் உயரத்தைப் பலகையின் மட்டத்திலிருந்து கணக்கிட்டு, அதில் ஒன்றரை மடங்கு தூரம் விட்டு அமையுங்கள். இன்று இடுப்பளவு இருக்கும் தென்னம்பிள்ளை 25 ஆண்டுகளில் எவ்வளவு உயரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கூரை வீட்டின் ஓலைமேலும், பழைய ஓட்டின் மேலும் பலகையை ஏற்ற வேண்டாம். முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டு, கான்கிரீட் இட்டு, அதன்மேல் பொருத்துவது நல்லது. துடைப்பதும் எளிது. சட்டத்தை நிலத்தோடு எர்த் செய்தல் கட்டாயம்.

கம்பியின் கனம்

மெல்லிய குழாயில் தொலைவுக்கு நீர் விட்டால் கடைசியில் வேகம் குறைவது போல, 12 வோல்ட் மின்சாரமும் மெல்லிய கம்பியில் மங்கிவிடும். 20 மீட்டர் தொலைவில் 60 வாட் கருவியை இயக்க 2.5 சதுர மில்லி மீட்டர் தாமிரக் கம்பி போட்டால் வழியிலேயே சுமார் 1.5 வோல்ட் குறையும். 6 சதுர மில்லி மீட்டர் கம்பி போட்டால் 0.6 வோல்ட் மட்டுமே குறையும். பேட்டரியை வீட்டின் நடுவே அமைத்தால் கம்பிச் செலவு குறையும். ஆனால் ஈய-அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயுவை வெளியிடுகிறது. ஆகவே அது காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் ஒன்று கட்டாயம் தேவை.

பராமரிப்பு

1. பலகையை இரு வாரங்களுக்கு ஒரு முறை துடைக்கவும். ஆடிக் காற்றிலும், அறுவடைக் காலத்தில் களத்துத் தூசி பறக்கும்போதும் வாரம் ஒரு முறை தேவை. வெயில் ஏறும் முன் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சூடேறிய கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் காணக்கூடும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வெண்படலத்தை விட்டுச் செல்லும். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவது சிறந்தது.

2. ஈய-அமிலப் பேட்டரியின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை பார்க்கவும். குறைந்தால் வாலை வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ, குடிநீரோ, புதிய அமிலமோ ஊற்றலாகாது.

3. பேட்டரி முனைகளில் வெண்பச்சை நிறத்தில் பூத்தால் வெந்நீரால் கழுவித் துடைத்து, வாஸ்லைன் தடவவும்.

4. இணைக்கும்போது கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும், பிறகு பலகையையும் இணைக்கவும். கழற்றும்போது முதலில் பலகை, பிறகு பேட்டரி.

5. புயல் எச்சரிக்கை வந்தால், பலகையைச் சாக்கால் மூடி, இணைப்பை நீக்கி, சட்டத்திலிருந்து கழற்றி வீட்டுக்குள் சாய்த்து வைக்கவும். பகலில் மூடாமல் கழற்றினால் கம்பியில் மின்சாரம் இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

செலவுக் கணக்கு

பலகை, பேட்டரி, கன்ட்ரோலர், கம்பி, சட்டம் என ஐந்துக்கும் தனித்தனியே விலை கேட்டு, குறைந்தது மூன்று விற்பனையாளர்களிடம் எழுத்தில் பெறவும். மொத்தமாக ஒரே விலை சொல்பவர் பெரும்பாலும் பேட்டரியில் குறைத்துவிடுவார்.

வாங்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. பேட்டரியை மாற்ற வேண்டிய நாள் நிச்சயம் வரும். அன்று கையில் பணம் இல்லாததால் நின்றுபோன அமைப்புகளே அதிகம். இதற்கு எளிய வழி உண்டு. பேட்டரி விலை 19,200 ரூபாய் என்றும் அதன் ஆயுள் 4 ஆண்டு என்றும் வைத்துக் கொள்வோம். 48 மாதங்களால் வகுக்க மாதம் 400 ரூபாய் ஆகிறது. லித்தியம் பேட்டரி 28,800 ரூபாய், ஆயுள் 8 ஆண்டு எனில் 96 மாதங்களால் வகுக்க மாதம் 300 ரூபாய். கையிலிருந்து முதலில் கொடுப்பது அதிகமாயினும் மாதக் கணக்கில் அது மலிவாகலாம். உங்கள் ஊர் விலையையும் உத்தரவாத ஆண்டுகளையும் இட்டு இக்கணக்கைப் போடுங்கள். வரும் தொகையைப் பால் பணம் வாங்கும் நாளில் அஞ்சலகச் சேமிப்பிலோ மகளிர் குழுவிலோ தனியே போட்டு வரவும். மின்சாரம் இலவசம் என்று எண்ணாமல், மாதம் இவ்வளவு கட்டணம் உண்டு என்று எண்ணுபவரின் வீட்டில்தான் விளக்கு தொடர்ந்து எரியும்.

கம்பியுடன் இணைந்த அமைப்புக்கு மானியம்

மத்திய அரசின் பிரதம மந்திரி சூர்ய கர் இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 2026-27 நிதியாண்டு வரைக்கென வகுக்கப்பட்டது. இது மின்வாரியக் கம்பியுடன் இணைந்த கூரை அமைப்புகளுக்கானது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. அமைப்பை நிறுவி முடித்த பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் சேரும் என்பதால் முன்பணத்துக்கு வழி செய்து கொள்ள வேண்டும். பதிவு பெற்ற விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். நடப்பு விதிகளை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிந்த பின் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் மின் அட்டையைப் பாருங்கள். ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், அதாவது இரு மாதங்களுக்கு 240 யூனிட் தரும். இதற்கு நிழலற்ற சுமார் 100 சதுர அடி இடம் தேவை. இரு மாதங்களுக்கு 480 யூனிட் செலவிடும் வீட்டுக்கு 2 கிலோவாட் பொருந்தும். ஆனால் வீடுகளுக்கு இரு மாதக் கணக்கில் 100 யூனிட் வரை கட்டணமில்லை என்று 2016-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சலுகை அளிக்கப்பட்டது. அவ்வரம்புக்குள்ளேயே செலவிடும் சிறு குடும்பத்துக்குக் கட்டணத்தில் மிச்சப்படுத்த ஏதுமில்லை. அவர்கள் மானியத்துக்காக மட்டும் கடன்பட வேண்டாம்; மின்தடைக்குச் சிறிய பேட்டரி அமைப்பே போதும்.

உழவர்களின் வினாக்கள்

அடைமழையில் மின்சாரம் கிடைக்குமா?

மூடிய வானத்திலும் சிறிதளவு கிடைக்கும். நமது மாதிரிக் கணக்கில் விசிறிக்கு மட்டும் 600 வாட்-மணி. மழைநாளில் விசிறி தேவையில்லை. அதை நிறுத்தினால் அன்றாடத் தேவை 400 ஆகக் குறையும். நிரம்பிய பேட்டரி, வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டரை நாள் விளக்கு தரும்.

மிக்ஸி, குளிர்பதனப் பெட்டி போடலாமா?

நமது மாதிரி அமைப்பில் இயலாது. மிக்ஸி சிறிது நேரமே ஓடினாலும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். குளிர்பதனப் பெட்டி நாளொன்றுக்கு ஒரு யூனிட் வரை எடுக்கும். அது வேண்டுமெனில் பலகையையும் பேட்டரியையும் இரட்டிப்பாக்கித் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

தொலைக்காட்சிக்கு இன்வர்ட்டர் தேவையா?

12 வோல்ட்டில் இயங்கும் விளக்கும் விசிறியும் வாங்கினால் அவற்றுக்குத் தேவையில்லை. தொலைக்காட்சிக்கு மட்டும் சிறியது ஒன்று வைத்து, பார்த்து முடிந்ததும் அதனையும் அணைத்து விடுங்கள். சும்மா இருக்கும் இன்வர்ட்டரும் மின்சாரம் குடிக்கும்.

பலகையின் திறன் குறைந்துகொண்டே வருமா?

ஆண்டுக்குச் சுமார் அரை விழுக்காடு குறையும். 25 ஆண்டு முடிவிலும் 80 விழுக்காட்டுக்குக் குறையாத திறன் இருக்கும் எனப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருகின்றனர். உத்தரவாத அட்டையில் பலகையின் எண், வாங்கிய தேதி, கடையின் முத்திரை இருக்கிறதா என்று சரிபார்த்துப் பத்திரத்தோடு வைத்துக் கொள்ளுங்கள்.

வாங்கும் முன் நினைவில் கொள்க

தேவையை எழுதிக் கணக்கிடுக. தேவையைக் குறைக்கும் கருவிகளை முதலில் வாங்குக. குறைந்த வெயில் மாதத்துக்கு ஏற்பப் பலகை வாங்குக. பேட்டரியில் கஞ்சத்தனம் வேண்டாம். மார்கழி நிழலைப் பார்த்து இடம் தேர்க. கன்ட்ரோலரைத் தவிர்த்துக் கம்பி இழுக்காதீர். அடுத்த பேட்டரிக்கு இன்றே சேமிக்கத் தொடங்குக.

ஒரு யூனிட் என்பது பெரிய அளவன்று. ஆனால் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, நான்கு விளக்கும் இரண்டு விசிறியும் இரவு தவறாமல் இயங்க அது போதும். அளந்து விதைத்து, அளந்து உரமிட்டு, அளந்து நீர் பாய்ச்சும் உழவர் பெருமக்கள், சூரிய மின்சாரத்தையும் அளந்து அமைத்து நீண்ட காலம் பயன்பெற வேண்டும்.